எழும்பாத, படு!

போன வருஷம் மாசிக் கொடைக்கு லீவு போட்டுட்டு மண்டைக்காட்டுக்கு வந்தேன். ஆனா கோயிலை எட்டிப் பார்த்தது கடைசி நாள்தான். பெரியம்மைக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில் (பேர் வேண்டாம்) எட்டு நாள். கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தாலே "எழும்பாத, படு"ன்னு குடும்பமே அதட்டும். எல்லாம் பாசம்தான்!

வீட்டுக்கு வந்த அஞ்சாம் நாள் இடது கால் வீங்கிப்போச்சு. ஸ்கேன் எடுத்தா காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி. அது நுரையீரலுக்குப் போயிருந்தா உயிருக்கே ஆபத்தாகலாமாம். நல்லவேளை, போகல. மறுபடியும் அட்மிஷன், மூணு மாசம் மாத்திரை.

இதைத் தடுக்க ஹெப்பாரின் வகை ஊசி இருக்கு. எத்தனை பேருக்குக் கிடைக்குது? 2006-07ல் இந்தியாவில் 10 ஆஸ்பத்திரிகளில் 'எண்டார்ஸ்' ஆய்வு நடந்துச்சு. ஆபரேஷன் இல்லாம காய்ச்சல், இதயம், நுரையீரல்னு படுத்தவங்கள்ல 44.7 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டி ஆபத்து. அவங்கள்ல முறையான தடுப்பு கிடைச்சது வெறும் 19.1 சதவீதத்துக்கு!

அப்போ எல்லாருக்கும் ஊசி குத்திடலாமே? அங்கதான் இடிக்குது. இந்தியாவும் கலந்துக்கிட்ட 'லைஃப்நாக்ஸ்' ஆய்வு 2011ல் வந்துச்சு. 8,000 பேருக்கு மேல். எல்லாருக்கும் அழுத்தக் காலுறை. பாதிப் பேருக்கு நிஜ ஊசி, மீதிப் பேருக்கு டம்மி. 30 நாளில் இறந்தவங்க 4.9 சதவீதம், 4.8 சதவீதம். வித்தியாசமே இல்ல.

ஆக, ஆளைப் பார்த்துப் போடணும். அதுக்கு இத்தாலிக்காரங்க 2010ல் வெளியிட்ட 'பதுவா' மதிப்பெண் இருக்கு. மூணு நாளாவது படுக்கையே கதின்னா 3, புற்றுநோய்க்கு 3, முன்னாடி கட்டி வந்திருந்தா 3, வயசு 70 ஆனா 1, தொற்றுக்கு 1, இப்படி. மொத்தம் 4 வந்தாலே ஆபத்து. பெரியம்மைக்கு 72 வயசு: 3+1+1=5.

அந்த ஆய்வில் மார்க் குறைஞ்சவங்கள்ல கட்டி வந்தது 0.3 சதவீதம். மார்க் கூடினவங்கள்ல தடுப்பு இல்லாம 11, தடுப்போட 2.2. என் தோராயக் கணக்கு: ஆளுக்கு 7 நாள் ஊசின்னா, ஆபத்துள்ளவங்ககிட்ட ஒரு கட்டியைத் தடுக்க 80 ஊசி போதும். மத்தவங்ககிட்ட 2,300 ஊசிக்கு மேல! செலவு மட்டுமில்ல, ஊசியால ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு.

புரோகிராம் எழுதறவனுக்கு இது ஒரே ஒரு 'இஃப்' வரி. அட்மிஷன் சீட்டிலேயே இந்த மதிப்பெண்ணை அச்சடிச்சா ஆகற செலவு காகிதம்தான். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, அதைக் கட்டாயமாக்கணும். அதுவரைக்கும் நாமளே டாக்டர்கிட்ட கேப்போம்: "ரத்தக்கட்டிக்கு மார்க் போட்டீங்களா சார்?"

டாக்டர் நடக்கலாம்னா, பெரியம்மையை நடக்க விடுங்க மக்கா.

டிஸ்கி: நான் மென்பொருள் ஆசாமி. ஊசி போடறதும் நிறுத்தறதும் டாக்டர் சொன்னா மட்டும்தான்.