வாயைப் பொத்தாமல் சிரிப்பதற்கு

எமது குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எதைக் கதைத்தாலும் நடுவில் யாராவது ஒரு பகிடி விடுவார்கள். எல்லோரும் சிரிப்போம். அந்த நேரத்தில் சிலருடைய கை தானாகவே வாய்க்குப் போகும், சிலர் சேலைத் தலைப்பை இழுத்துக்கொள்வார்கள். கூச்ச சுபாவம் என்று நினைத்திருப்போம். பக்கத்தில் இருந்து கதைத்துப் பார்த்தால் விடயம் முன்பல்லில் இருக்கும். பாதி உடைந்த பல், கறுத்துப்போன பல், மண்ணிறக் கறை ஏறிய பல், நடுவில் பெரிய இடைவெளி.

"பல்லைப் புடுங்காமலே உடைஞ்ச இடத்தை ஒட்டலாமாம், உண்மையோ அக்கா?" என்று அண்மையில் பலர் கேட்டுவிட்டார்கள். உண்மைதான். ஆனால் எல்லாப் பல்லுக்கும் அல்ல. இந்த மாதம் அதைப் பற்றியே கதைப்போம்.

எமது பெண்களின் பற்கள் உடைந்த கதைகள் பல. செல்லுக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் பாய்ந்தபோது உடைந்தது, இடம்பெயர்ந்து ஓடும்போது விழுந்து உடைந்தது, செல் துண்டு பட்டது, கணவனின் கை பட்டது. 2009க்கு முன்னும் பின்னும் முகாம்களில் இருந்த காலத்தில் பல்லைப் பற்றி யார் நினைத்தார்கள்? காணாமல் போனவரைத் தேடுவதும் பிள்ளைக்குச் சோறு தேடுவதுமே பெரிய வேலை. மீளக்குடியமர்ந்த பிறகு கூரை, கிணறு, மலசலகூடம் என்று வரிசையாக வந்தன. பல் கடைசியில் நின்றது. இப்போது போய்க் காட்ட நினைக்கும்போது, ஒன்றில் அப்படியே விடலாம், இல்லாவிட்டால் பிடுங்கிவிட்டுக் கட்டுப்பல் வைக்கலாம் என்ற இரண்டு வழிதான் பலருக்குத் தெரிந்திருக்கிறது. வேர் நல்லாக இருக்கும் ஒரு முன்பல்லை, நுனி உடைந்ததற்காக மட்டும் பிடுங்கத் தேவையில்லை. பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பும் காலப்போக்கில் குறையும். ஆகவே பிடுங்கச் சம்மதிக்கும் முன், "இதை ஒட்டிச் சரிப்படுத்த ஏலாதா?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

ஒட்டுவது எதை? கொம்போசிட் என்று சொல்லப்படும், பல்லின் நிறத்தில் இருக்கும் ஒரு வகைப் பிசின். அதற்குள் மிக நுண்ணிய கண்ணாடித் துகள்கள் கலந்திருக்கும். பழுதான கடைவாய்ப் பல்லை அடைக்கும் வெள்ளை நிற அடைப்பும் இதே இனம்தான். இது பல்லில் பிடிக்கும் விதம் வீடு கட்டியவர்களுக்குச் சுலபமாக விளங்கும். வழவழப்பான பழைய சுவரில் சீமெந்து பூசினால் கழன்று விழும் அல்லவா? அதனால் மேசன் முதலில் சுவரைக் கொத்திவிடுவார். பல்லிலும் அப்படித்தான். பல்லின் வெளிப்புறத்தில் எனாமல் என்ற கடினமான ஓடு இருக்கிறது. அதில் பொஸ்போரிக் அமிலம் கலந்த களியைச் சில விநாடிகள் தடவிக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத சிறு குழிகள் உண்டாகும். பிசின் அந்தக் குழிகளுக்குள் இறங்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் மைக்கேல் புவோனோகோரே என்ற பல் ஆராய்ச்சியாளர் இதை 1955இல் வெளியிட்டார். தொழிற்சாலைகளில் பெயின்ற் நன்றாகப் பிடிப்பதற்காக உலோகத்தை அமிலத்தால் துடைப்பதிலிருந்துதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. கராஜ் வேலையிலிருந்து ஒரு வைத்தியம் பிறந்தது என்று சொன்னால் எமது பெடியன்கள் சந்தோசப்படுவார்கள்.

கதிரையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன், தெரியாததால்தான் பாதிப் பயம். முதலில் உங்கள் பல்லின் நிறத்தோடு பொருந்தும் நிறத்தைத் தெரிவு செய்வார்கள். இதை ஆரம்பத்திலேயே செய்ய வேண்டும், ஏனென்றால் வாய் திறந்தபடி பல் காய்ந்தால் அது உண்மை நிறத்தைவிட வெள்ளையாகத் தெரியும். பிறகு பல்லைச் சுத்தம் செய்து, களி பூசி, கழுவி, உலர்த்தி, ஒட்டும் திரவத்தைத் தடவுவார்கள். அதன் மேல் பிசினைச் சிறிது சிறிதாக வைத்து, ஒவ்வொரு படைக்கும் நீல நிற ஒளியைப் பிடிப்பார்கள். அந்த ஒளியில் பிசின் கல்லுப்போல இறுகும். ஒளியை நேரே பார்க்க வேண்டாம், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இறுதியில் அரத்தால் தேய்ப்பதுபோலத் தேய்த்து வடிவாக்கி, மினுக்கி, நிறக் கடதாசி ஒன்றைக் கடிக்கச் சொல்வார்கள். எங்கே உயரமாக முட்டுகிறது என்று அதில் தெரியும். முட்டினால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு அந்த இடம்தான் முதலில் உடையும். ஒரு பல்லுக்கு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கலாம். சூத்தை இல்லாவிட்டால், உடைவு ஆழமில்லாவிட்டால், பெரும்பாலும் ஊசி தேவைப்படாது.

சிறிய உடைவு, பற்களுக்கிடையில் உள்ள இடைவெளி, ஒரு பல் மட்டும் குட்டையாகவோ கறையாகவோ இருப்பது, இவற்றுக்கு இந்தச் சிகிச்சை நன்றாகப் பொருந்தும். பல் கறுத்துப்போயிருந்தால் உள்ளே இருக்கும் நரம்பு இறந்திருக்கக்கூடும். அதற்கு முதலில் வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும், மேலே ஒட்டி மூடினால் உள்ளே சீழ் கட்டும். முரசு வீங்கி இரத்தம் கசிந்தால் முரசை முதலில் மாற்ற வேண்டும். பல்லின் பெரும்பகுதி போயிருந்தால் முழுப் பல்லையும் மூடும் உறைதான் நிலைக்கும்.

கறை என்றவுடன் வவுனியாப் பக்கத்துப் பெண்களைத்தான் நினைக்கிறேன். வவுனியா, அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர்வலய மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட் அதிகம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், சில கிணறுகளில் அதற்கும் மேல் இருக்கிறது. நிலையான பற்கள் தாடைக்குள் உருவாகும் சிறு வயதில், ஏறத்தாழ எட்டு வயது வரை, அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளையின் பற்களில் வெள்ளைக் கோடுகளும் பிறகு மண்ணிறக் கறையும் வரும். அது பல் துலக்காததால் வந்த ஊத்தை அல்ல. கரி, செங்கல் தூள், உப்பு என்று போட்டு உரஞ்சினால் எனாமல்தான் தேயும், கறை அப்படியே இருக்கும். ஒரு பிள்ளையின் பல்லைப் பார்த்துவிட்டு "துப்பரவில்லாத குடும்பம்" என்று கலியாணப் பேச்சைக் குழப்பிய ஆட்களையும் சந்தித்திருக்கிறேன். கிணற்றைத் தண்டிக்க முடியாது என்பதால் பெட்டையைத் தண்டிக்கிறார்கள். இந்தக் கறை இலேசாக இருந்தால் மேற்பரப்பை மினுக்கியே குறைக்கலாம், கடுமையாக இருந்தால் பிசினால் மூடலாம். மிகவும் கடுமையான கறை உள்ள எனாமலில் பிசின் அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்திருங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேளுங்கள்.

இனி, அடியால் உடைந்த பல். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. எமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 311ஆம் பிரிவு, பல் முறிவதை எலும்பு முறிவோடு சேர்த்துப் பாரதூரமான காயமாகக் கணிக்கிறது. "ஒரு பல்லுத்தானே" என்று ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசும்போது இதை மனதில் வைத்திருங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளையும் கேட்கலாம். வழக்குக்குப் போவதா இல்லையா என்பது உங்கள் தீர்மானம், அதில் யாரும் நெருக்கக் கூடாது. ஆனால் பல்லை ஒட்டுவதற்கு முன் அரச வைத்தியசாலையில் காட்டி, எப்படி உடைந்தது என்பதைப் பதியச் சொல்லுங்கள். ஒட்டி மினுக்கிய பிறகு காயத்தின் அடையாளம் போய்விடும். பிறகு ஒருநாள் மனம் மாறினால் கையில் ஒன்றும் இருக்காது.

செலவைவிட, பயத்தைவிட, எமது பெண்களைத் தடுப்பது ஊர்வாய்தான் என்பது எனது எண்ணம். கணவனை இழந்த பெண் பல்லுக் கட்டினால், "இனி யாருக்குக் காட்டச் சிரிப்பு?" என்று கேட்பார்கள். நாற்பது வயதுக்காரி போனால், "இந்த வயசில என்ன வடிவு வேண்டிக்கிடக்கு" என்பார்கள். அதே ஊரில் அதே வயது ஆண் பல்லுக் கட்டினால் யாரும் வாய் திறப்பதில்லை. பட்டியலில் பெயர் வாசித்தபோது எழும்பிப் பதில் சொல்ல மாட்டாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதால் வாழ்வாதார உதவியைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். முன்பள்ளி ஆசிரியை வேலைக்கும் கடை வேலைக்கும் நேர்முகத்துக்குப் போகவே மறுத்தவர்கள் இருக்கிறார்கள். கதைக்கும் வாயை மறைத்துக்கொண்டு ஒரு பெண்ணால் பிரதேச செயலகத்தில் தன் உரிமையைக் கேட்பது கஷ்டம். இதை ஆடம்பரம் என்று சொல்பவர்கள் ஒரு நாளைக்குக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சந்தையில் பேரம் பேசிப் பார்க்கட்டும்.

எங்கே போவது? அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளில் கட்டணம் இல்லை. காலையில் நேரத்தோடு போய்த் துண்டு எடுக்க வேண்டும். உடைந்த அல்லது சூத்தையான முன்பல்லை அடைப்பது அங்கு வழமையான சிகிச்சை. வடிவுக்காக மட்டும் இடைவெளியை மூடுவதற்கு எல்லா இடத்திலும் நேரமும் பொருளும் இருக்காது. 2022 நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்துக்கும் பொருட்களுக்கும் எவ்வளவு தட்டுப்பாடு வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே முதல் தடவை போகும்போதே, பொருள் இருக்கிறதா, எந்த நாளில் வரலாம் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். சிக்கலான சிகிச்சைக்குப் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்பு தேசிய பல் வைத்தியசாலைக்கோ கடிதம் தந்து அனுப்புவார்கள். தனியாரிடம் போனால் கணக்கு ஒரு பல்லுக்கு இவ்வளவு என்றுதான் வரும், வேலை தொடங்க முன் மொத்தத் தொகையைக் கேளுங்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பல் வைத்தியரிடம் மட்டும் வாயைத் திறவுங்கள். மலிவாக ஒட்டித் தருகிறேன் என்று சந்தியில் இருப்பவரிடமோ, வீட்டில் இருக்கும் சுப்பர் குளூவிடமோ பல்லைக் கொடுக்க வேண்டாம்.

கதிரையில் மல்லாந்து, முகத்தில் வெளிச்சம் விழ, ஒருவர் மேலே குனிந்து நிற்பது சில பெண்களுக்குப் பழையதை எல்லாம் கிளறிவிடும். மூச்சு முட்டும், உடல் நடுங்கும். காரணத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. "எனக்குப் படுத்திருக்கப் பயம், கையைத் தூக்கினால் நிற்பாட்டுங்கோ டொக்டர்" என்று சொன்னால் போதும். ஒரு சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு போங்கள். முகத்திலோ தாடையிலோ செல் துண்டு இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒட்டிய பல் எவ்வளவு காலம் இருக்கும்? நாலைந்து வருடம் இருக்கலாம், கவனமாகப் பாவித்தால் பத்து வருடமும் நிற்கலாம். முன்பல்லால் பனங்கிழங்கு கடிப்பது, நூல் அறுப்பது, சோடா மூடி திறப்பது எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். தையல் வேலை செய்பவர்கள் கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்திருங்கள். சாயத் தேத்தண்ணியும் வெற்றிலையும் பிசினில் கறை ஏற்றும், பல்லை வெளுக்கச் செய்யும் மருந்து பிசினை வெளுக்காது. வெற்றிலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும். வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இருந்தால், உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஆறாத தழும்பு இருந்தால், முன்பல்லை மறந்துவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள்.

பல் புதிதாக உடைந்தால் உடைந்த துண்டை எறிய வேண்டாம். பாலிலோ தண்ணீரிலோ போட்டு அன்றே கொண்டுபோனால், சில வேளை அதே துண்டையே திரும்ப ஒட்டுவார்கள். பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஒட்டிய பிசினில் பின்னர் ஒரு மூலை போனாலும் முழுவதையும் கழற்றத் தேவையில்லை, போன இடத்தில் மட்டும் சேர்த்து ஒட்டலாம்.