அயல் வீட்டுக் குழந்தை



நகராட்சி என்றவுடன் நம் மனத்தில் எழுவன குடிநீர்க் குழாயும், தெருவிளக்கும், குப்பை வண்டியும், வீட்டு வரி இரசீதுமே. இங்கிலாந்து நாட்டிலோ இவற்றோடு மற்றொரு பெரும் கடமையும் உள்ளாட்சி மன்றத்தின் தோளில் ஏற்றப்பட்டுள்ளது. தன் எல்லைக்குள் வாழும் குழந்தைகளைத் தீங்கினின்று காப்பதே அக்கடமை. இப்பணிக்கென்று ஓர் இயக்குநரும், மன்ற உறுப்பினருள் இப்பொறுப்பை ஏற்கும் ஒருவரும் இருந்தாக வேண்டும் என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. தவறு நேர்ந்தபின் பிலாத்துவைப் போல் கைகழுவ வழியில்லாதபடி, பொறுப்பாளர் இன்னார் என்று முன்னரே குறித்துவிட்டார்கள்.

இதனை நாம் எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. செவிலியராகப் பணிபுரியும் பொருட்டு நம் பிள்ளைகள் பலர் அந்நாட்டில் குடியேறியுள்ளனர். அவர்களுள் ஒருத்தியின் தாய் அண்மையில் நம்மிடம் வந்து, "சாமி, அந்த ஊரிலே பிள்ளையை ஒரு தட்டுத் தட்டினாலும் கவுன்சில்காரங்க வந்து தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்களாமே, மெய்தானா?" என்று கலங்கினார். மெய்யன்று. ஆயினும் அவ்வச்சம் எங்கிருந்து எழுகிறது என்பதை விளக்க வேண்டுமாயின், ஒரு சிறுமியின் துயரக் கதையைக் கூறியாக வேண்டும்.

விக்டோரியா கிளிம்பியே 1991இல் ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பிய பெற்றோர், பாட்டி முறையாகும் உறவினள் ஒருத்தியோடு அவளை அனுப்பி வைத்தனர். பிரான்சு வழியாக 1999 ஏப்ரலில் இலண்டன் வந்து சேர்ந்தாள். அங்கே பள்ளியின் வாசலையே அவள் மிதிக்கவில்லை. 2000 பிப்ரவரி 25ஆம் நாள் மருத்துவமனையில் இறந்தபோது அவளுக்கு வயது எட்டு. உடலில் 128 காயங்கள் இருந்தன. அழைத்து வந்தவளும் அவளோடு வாழ்ந்த ஆடவனும் ஆயுள் தண்டனை பெற்றனர்.

அந்தப் பத்து மாதங்களில் அக்குழந்தையை யாருமே காணவில்லையா? கண்டவர் பலர். நான்கு மன்றங்களின் சமூகநலத் துறைகள் அவளைப் பற்றி அறிந்திருந்தன. இரண்டு மருத்துவமனைகள் அவளைச் சேர்த்துக்கொண்டு திருப்பி அனுப்பின. ஒரு மருத்துவமனையில் காயங்களைக் கண்டு ஐயுற்றனர். பின்னர் அது வெறும் சொறிநோய் என்று மூத்த மருத்துவர் முடிவு செய்தார். அச்சொறி தமக்கும் தொற்றிவிடும் என்று அஞ்சி, விசாரிக்க வேண்டிய காவலர் வீட்டைச் சென்று பார்க்கவேயில்லை. குழந்தை படுக்கையை நனைப்பது தீய ஆவியின் வேலை என்று சபைப் போதகர் ஒருவர் எண்ணிச் செபித்தார். குருத்துவப் பணியில் இருக்கும் நமக்கு, இதனை அறியும்போது நெஞ்சு சுடுகிறது. இறுதியில் அவளது நிலை கண்டு பதறி, அம்புலன்சு நிலையத்துக்கே நேராக வண்டியை ஓட்டியவர் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர். அவர் எந்த அலுவலகத்தையும் சேர்ந்தவர் அல்லர்.

லேமிங் பிரபு தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வெளிவந்தது. அவளைக் காப்பாற்றக்கூடிய பன்னிரண்டு தருணங்கள் வீணாயின என்று அது கணக்கிட்டது. 108 பரிந்துரைகளையும் முன்வைத்தது. ஒவ்வொரு துறையும் தனக்குத் தெரிந்த துணுக்கை மட்டும் கையில் வைத்திருந்தது. எல்லாவற்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தவர் எவருமில்லை. இன்றைய ஏற்பாடுகள் பலவற்றின் வேர் இவ்விடத்தில்தான் உள்ளது. பல மன்றங்களில் சமூகப் பணியாளர், காவலர், சுகாதாரத் துறையினர் ஆகியோர் ஒரே கூடத்தில் அமர்ந்து, வரும் செய்திகளைச் சேர்த்தே ஆராய்கின்றனர்.

நடைமுறை இவ்வாறு செல்கிறது. ஆசிரியரோ, மருத்துவரோ, அயல் வீட்டாரோ ஒரு குழந்தையைப் பற்றிய கவலையை மன்றத்துக்குத் தெரிவிக்கின்றனர். அடுத்து என்ன செய்வது என்பதை ஒரு வேலை நாளுக்குள் சமூகப் பணியாளர் தீர்மானித்தல் வேண்டும். பெரும்பாலும் அக்குடும்பத்துக்குத் தேவைப்படுவது உதவியே. கடன், மனநோய், குடி, இடநெருக்கடி போன்றவற்றால் தள்ளாடும் பெற்றோருக்கு ஊன்றுகோல் தருவதும் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி மன்றத்தின் கடமையே. கடுமையான தீங்கு நேர்ந்துள்ளது, அல்லது நேரக்கூடும் என்று ஐயுறத் தக்க காரணம் இருந்தால், அதே சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி மன்றம் விசாரித்தே ஆகவேண்டும். காவல்துறையும் சுகாதாரத் துறையும் அப்போது உடன் கலந்து பேசும். ஆபத்து தொடரும் எனத் தோன்றினால், பதினைந்து வேலை நாள்களுக்குள் ஒரு கூட்டம் கூட்டப்படும். பொதுவாகப் பெற்றோரும் அதற்கு அழைக்கப்படுகின்றனர். குழந்தைக்கெனப் பாதுகாப்புத் திட்டம் வகுத்தால், மூன்று மாதங்களுக்குள் அதனை மீளாய்வு செய்வர்.

சரி, குழந்தையைத் தூக்கிச் செல்வது? மன்றம் தன் விருப்பப்படி அதனைச் செய்ய இயலாது. நீதிமன்றத்தின் அவசர ஆணை வேண்டும். அந்த ஆணை எட்டு நாள்களுக்கு மேற்படாது. ஒருமுறை மட்டும் ஏழு நாள் நீட்டலாம். உடனடி ஆபத்தில் காவலர் குழந்தையைத் தம் பாதுகாப்பில் எடுக்கலாம். அதுவும் 72 மணி நேரத்துக்கு மேற்படாது. அடிப்பதைப் பற்றியோவெனில், ஸ்காட்லாந்து 2020லும் வேல்ஸ் 2022லும் பெற்றோர் அடிப்பதை முற்றும் தடை செய்தன. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் 'நியாயமான தண்டனை' என்ற வாதத்துக்குச் சிறிது இடம் விட்டது. எனினும் உடலில் காயம் விளைந்தால் அவ்வாதம் செல்லாது. பிரம்பும் பெல்ட்டும் நம் வீடுகளில் எவ்வளவு எளிதாகக் கைக்கு வருகின்றன என்பதை அறிந்த நாம், இச்சட்டத்தைக் குறைகூற மாட்டோம்.

குழந்தைகளோடு பழகும் பணியாளர்மீதே குற்றச்சாட்டு எழுந்தால் என்ன செய்வது? அதற்கெனவும் மன்றத்தில் தனி அலுவலர் இருக்கிறார். ஆசிரியரோ, விளையாட்டுப் பயிற்சியாளரோ, மறைக்கல்வி கற்பிப்பவரோ, குருவானவரோ, யாராயினும் அந்நிறுவனத்தார் ஒரு வேலை நாளுக்குள் அவருக்குத் தெரிவித்தல் வேண்டும். உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வதற்கு அங்கே இடமில்லை. இங்கிலாந்துத் திருச்சபை இதனைக் கசப்பான அனுபவத்தின் வழியே கற்றது. நோலன் பிரபுவின் 2001ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகே பங்குதோறும் இதற்கெனப் பொறுப்பாளரை அமர்த்தும் முறை வேரூன்றியது. திருச்சபையின் நற்பெயர் கெடும் என்று வாய்மூடிய காலத்தில் கெட்டது பிள்ளைகளின் வாழ்வு. பெயரும் தப்பவில்லை.

இத்தனை ஏற்பாடுகளும் தோற்றதுண்டு. விக்டோரியா வாழ்ந்த அதே ஹாரிங்கே மன்றத்தின் எல்லையில், 2007இல் பதினேழு மாதக் குழந்தை பீட்டர் கொடுமையால் இறந்தது. 2020இல் சோலிஹல் நகரில் ஆர்தர் என்ற ஆறு வயதுச் சிறுவனும், பிராட்போர்டு பகுதியில் ஸ்டார் என்ற பதினாறு மாதக் குழந்தையும் கொல்லப்பட்டனர். இவ்விருவரையும் குறித்து உறவினர் முன்கூட்டியே எச்சரித்திருந்தனர். ஸ்டாருக்காக வந்த எச்சரிக்கைகள் குடும்பப் பகையால் எழுந்த பொய்யெனத் தள்ளப்பட்டன. 2022 மே மாதம் வெளிவந்த தேசிய ஆய்வு, உறவினரின் சொல்லுக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை என்று சுட்டியதுடன், இத்தகைய வழக்குகளுக்கெனப் பல துறை வல்லுநர் கொண்ட தனிக் குழுக்கள் வேண்டும் என்றும் கோரியது.

ஆதலால் அந்நாட்டில் வாழும் நம் மக்கள் அறிய வேண்டியது இது. கவலை தெரிவிக்கச் சான்று தேவையில்லை; சான்று தேடுவது மன்றத்தின் வேலை. பெயர் கூற விரும்பாத அயலார் கூறாமலும் பேசலாம். உயிருக்கு ஆபத்தெனில் 999 என்ற எண்ணை அழைக்கலாம். முதல் முறை சொன்னதற்குப் பயன் இல்லையெனில், நாள், நேரம், கண்டவை ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு மீண்டும் சொல்லலாம். அழைப்பை ஏற்றவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வது நலம்.