கயிற்றில் தொங்கும் பொறுப்பு

தலைநகர் தில்லியை ஒட்டிய குர்கானிலும் நொய்டாவிலும் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எழும்பிய அலுவலகக் கோபுரங்களில் பலவும் கண்ணாடியால் போர்த்தப்பட்டவை. வட இந்தியாவின் புழுதிக் காற்றும் ஓயாத கட்டுமானப் பணிகளின் தூசியும் அந்தக் கண்ணாடியைச் சில வாரங்களிலேயே மங்கச் செய்துவிடுகின்றன. அதைத் துடைப்பதற்கென்றே ஒரு தொழில் உருவாகியிருக்கிறது. கயிற்றில் தொங்கியபடி இருபதாவது மாடியிலிருந்து இறங்கும் தொழிலாளியைப் பார்க்கும்போது, இவர் விழுந்தால் என்ன ஆகும் என்கிற கேள்வி எவருக்கும் எழும். அவரது கையிலிருந்து நழுவும் வாளி கீழே நடப்பவரின் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு என்கிற கேள்விதான் எழுவதில்லை.

பெரிய பராமரிப்பு நிறுவனங்களின் ஊழியராக இருப்பவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. பணியின்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டிலிருந்தே இங்கு சட்டம். இப்போது அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஓர் அங்கமாகிவிட்டது. ஊழியரின் கவனக்குறைவால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கும் நிறுவனமே பதில் சொல்லியாக வேண்டும். ஆனால், கயிறும் வாளியும் சொந்தமாக வைத்துக்கொண்டு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று பேசி வேலை செய்பவரின் நிலை வேறு. அவர் யாருடைய ஊழியரும் அல்லர். நேரும் இழப்பு முழுவதும் அவரது தலையில்தான் விழும்.

கட்டட நிர்வாகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் இதை நன்றாகவே அறிந்து வைத்திருக்கின்றன. எந்தச் சேதம் நேர்ந்தாலும் ஒப்பந்தக்காரரே ஈடுசெய்ய வேண்டும் என்கிற வாசகம் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இடம்பெற்றுவிடுகிறது. அதில் கையெழுத்திடுபவரின் ஒரு மாத வருமானம், கீழே நிற்கும் ஒரு காரின் முன் கண்ணாடியை மாற்றக்கூடப் போதாமல் போகலாம். பாதிக்கப்பட்டவருக்கும் இதில் நன்மை எதுவும் இல்லை. சொத்தில்லாத ஒருவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பெறும் தீர்ப்பால், மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்த முடியாது.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2015-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பாதுகாப்புக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்த பிரீமியம் 2022 ஜூன் முதல் 20 ரூபாயாக உயர்ந்தபோதும், விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய் என்பது ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய தொகையல்ல. ஆனால், இது தொழிலாளியின் உயிருக்கும் உடலுக்குமான காப்பீடு. அவரால் பிறருக்கு நேரும் இழப்பை இது தொடுவதே இல்லை. புதிய சட்டத் தொகுப்பும் சுயதொழில் செய்யும் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு ஆயுள், ஊனம், மருத்துவம், மகப்பேறு, முதுமைக்காலப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. மூன்றாம் நபருக்கான பொறுப்பைப் பற்றிப் பேசவில்லை. விபத்துக் காப்பீட்டு அட்டை ஒன்று சட்டைப்பையில் இருப்பதாலேயே எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு இருப்பதாக நம்பி கயிற்றில் இறங்குபவர்கள் ஏராளம்.

இதே தொழிலாளி வேலைக்கு வரும் மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு இல்லாவிட்டால் காவலர் அபராதம் விதிப்பார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு, மக்கள் நடமாடும் சாலைக்கு மேலே நூறடி உயரத்தில் தொங்குவதற்கோ எந்தக் காப்பீடும் கட்டாயமில்லை. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்ற பெயரில் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு, அபாயகரமான பொருள்களைக் கையாளும் நிறுவனங்களுக்காக இயற்றப்பட்ட சட்டம் அது. கண்ணாடி துடைப்பவருக்கும் அதற்கும் பெயரளவில்கூடத் தொடர்பில்லை.

எனவே, விரும்பி எடுக்கும் பொதுப் பொறுப்பு பாலிசி ஒன்றே வழி. பொதுத் துறை நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் அதை விற்கத்தான் செய்கின்றன. சிக்கல் அதன் விதிவிலக்குகளில் இருக்கிறது. காப்பீடு பெற்றவரின் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் உள்ள பொருளுக்கு நேரும் சேதம் சேராது என்பது இத்தகைய பாலிசிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. அமிலம் கலந்த திரவத்தால் கண்ணாடி கறைபட்டாலோ, சுரண்டும் தகட்டால் கீறல் விழுந்தாலோ, அது அவர் வேலை செய்துகொண்டிருந்த பொருள்தானே என்று நிறுவனம் கையை விரிக்கலாம். கண்ணாடி துடைப்பவருக்கு அன்றாடம் நேரக்கூடிய சேதம் அதுவாகத்தான் இருக்கும். அந்த விதிவிலக்கை நீக்கவோ தளர்த்தவோ கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் பெறாமல் பணம் செலுத்துவது வீண்.

உயரம் இன்னொரு கண்ணி. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செய்யும் வேலைக்குப் பொருந்தாது என்று ஒரு வரி இருந்தால், தரைத்தள வீட்டு ஜன்னல்களைத் துடைப்பவருக்கு அந்த பாலிசி போதும். கோபுரத்தில் இறங்குபவருக்கு அது வெறும் காகிதம். பிரீமியம் குறையும் என்பதற்காக விண்ணப்பத்தில் 'துப்புரவுப் பணி' என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்லும் முகவர்கள் உண்டு. உண்மையை மறைத்ததாகக் கூறி பின்னர் நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால், அந்த முகவர் முன்வந்து நிற்கப்போவதில்லை.

காப்பீட்டுத் தொகையையும் முழுதாக ஒப்பிட வேண்டும். ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஓராண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் இருக்கும். வழக்குச் செலவு அதற்குள் அடங்குமா, முதல் சில ஆயிரம் ரூபாயைத் தொழிலாளியே ஏற்க வேண்டுமா என்பதும் முக்கியம். பல பாலிசிகளில் விபத்து மட்டுமல்லாமல் இழப்பீட்டுக் கோரிக்கையும் பாலிசி நடப்பில் உள்ள காலத்திலேயே வந்தாக வேண்டும். வேலை குறைந்த மழைக்காலத்தில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், முந்தைய மாதங்களில் நேர்ந்த விபத்துக்கான பாதுகாப்பும் போய்விடக்கூடும். உதவிக்கு இரண்டு பேரை அழைத்துச் செல்பவர் அவர்களுக்கு முதலாளியாகிவிடுகிறார் என்பதால், அவர்களுக்கெனத் தனிக் காப்பீடும் தேவைப்படும்.

நுணுக்கமான இத்தனை நிபந்தனைகளையும் எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டவர் படித்துப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் நினைத்தால் இதை எளிதாக்கிவிட முடியும். எல்லா நிறுவனங்களும் ஒரே நிபந்தனைகளுடன் விற்கும் பொதுவான மருத்துவக் காப்பீட்டை 2020-இலும், தனிநபர் விபத்துக் காப்பீட்டை 2021-இலும் ஆணையம் கொண்டுவந்தது. சிறு தொழில்களின் உடைமைகளுக்கும் அதே 2021-இல் ஒரு பாலிசியை வகுத்தது. கண்ணாடி துடைப்பவர், வெள்ளையடிப்பவர், குளிர்சாதனப் பெட்டி பொருத்துபவர் போன்ற தனியாள் தொழிலாளர்களுக்கான பொறுப்புக் காப்பீட்டுக்கும் அத்தகைய ஒரே வடிவத்தை, மாநில மொழிகளில், அந்தந்தத் தொழிலின் ஆபத்தை விலக்காத நிபந்தனைகளுடன் வகுக்க என்ன தடை?

மத்திய நிதி அமைச்சகத்துக்கும் இதில் பங்குண்டு. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. பொறுப்புக் காப்பீட்டுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பல கோடி ரூபாய் வாடகை ஈட்டும் கட்டடங்களின் உரிமையாளர்களும், பொறுப்பைத் தொழிலாளியிடம் தள்ளிவிடும் வாசகத்தை ஒப்பந்தத்தில் சேர்க்கும்போது, அதற்கான பிரீமியத்தைக் கூலியுடன் சேர்த்துத் தருமாறு விதி வகுக்கப்பட வேண்டும்.

அதுவரை, பாலிசி எடுத்தும் ஏமாற்றப்பட்டதாகக் கருதும் தொழிலாளி காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தனியுரிமைத் தொழில்களும் குறுந்தொழில்களும் எடுக்கும் பாலிசிகளை 2017-ஆம் ஆண்டு விதிகள் அவரது வரம்புக்குள் கொண்டுவந்துள்ளன. வழக்கறிஞர் வேண்டியதில்லை, முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்க வேண்டும். கண்ணாடி துடைப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பதை, பாலிசியை விற்கும்போதே அந்த அலுவலக முகவரியைக் கையில் கொடுக்க வேண்டிய காப்பீட்டு நிறுவனங்கள்தான் சொல்ல வேண்டும்.