மனு கொடுத்தது போதும்!

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைக்கப் போகிறேன். மூன்றே கேள்விதான். பிட் அடிக்கலாம், தப்பில்லை.

ஒன்று: நீங்கள் குடியிருக்கும் வார்டு எண் என்ன? இரண்டு: உங்கள் கவுன்சிலர் பெயர் என்ன? மூன்று: உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது?

முதல் கேள்விக்கு சொத்து வரி ரசீதைத் தேடுவீர்கள். இரண்டாவதற்கு, தெருமுனையில் கும்பிட்டபடி சிரிக்கும் ஃப்ளெக்ஸ் பேனர் ஞாபகத்துக்கு வரும். மூன்றாவதற்கு, "அப்படின்னா என்னங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்பீர்கள்.

அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கோவையின் புறநகரில் ஒரு லே-அவுட். கோயில் திடலில் ஷாமியானா, ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி, மைக் செட். வந்தவர்கள் இருபது பேர் இருக்கலாம். அதில் பாதிப் பேர் கையில் துண்டும் முகத்தில் கட்சிக் களையுமாக இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இது என்ன கூட்டமுங்க? முதியோர் பென்சன் சமாச்சாரமுங்களா?"

ஒவ்வொருவராக எழுந்தார்கள். எங்க வீட்டு முன்னால சாக்கடை அடைச்சிருக்கு. எங்க வீதியில லைட் எரியலை. நாய்த் தொல்லை தாங்கலை. ஓர் அதிகாரி எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். முக்கால் மணி நேரம். டீ, பன், கையெழுத்து. முடிந்தது.

திடலுக்கு நேர் எதிரே, அந்த லே-அவுட் போட்டபோது பூங்காவுக்கென்று விட்ட ரிசர்வ் சைட் இருந்தது. பாதியில் கட்டடக் கழிவு, மீதியில் யாரோ ஒருவருடைய டெம்போக்கள். அங்கே என்ன வர வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியூர்க்காரனுக்கு என்ன வேலை என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தக் கட்டுரை.

முதலில், பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில். அது என்ன கூட்டம்?

1992-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1993 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம். மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு அமைத்தே ஆக வேண்டும் என்கிறது அது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 18 வேலைகளையும் பட்டியல் போட்டிருக்கிறது. குப்பையும் தெருவிளக்கும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால், முதல் வரியில் இருக்கும் வேலை எது தெரியுமா? நகரத் திட்டமிடல்!

நம் ஊரில் என்ன செய்தார்கள்? 'ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட வார்டுகளுக்கு' ஒரு குழு என்று சட்டத்தில் இருந்த வாசகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பல வார்டுகளைச் சேர்த்து ஒரு மண்டலம். அதன் கவுன்சிலர்கள் கூடினால் வார்டு குழு ஆச்சு! அதில் உங்களுக்கும் எனக்கும் நாற்காலி கிடையாது.

2005-ல் நேரு பெயரில் நகர்ப்புறச் சீரமைப்புத் திட்டம் வந்தது. 'பணம் வேண்டுமா, மக்கள் பங்கேற்புக்குச் சட்டம் போடு' என்றது மத்திய அரசு. 2010-ல் தமிழ்நாடு சட்டம் போட்டது. அதற்கான விதிகளை எழுத எவ்வளவு காலம் ஆயிற்று? பன்னிரண்டு வருஷம்! இடையில் இரண்டு கழகங்களும் ஆண்டன. 2022-ல்தான் விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி, தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் முதலமைச்சரே பகுதி சபையில் வந்து உட்கார்ந்தார்.

விதிகள் சொல்வது இதுதான்: பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாநகராட்சியில் ஒரு வார்டுக்குப் பத்துப் பகுதி சபை. கோவையில் நூறு வார்டு. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஆயிரம் சபை! அந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் சபையின் உறுப்பினர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும். என்ன திட்டம் வேண்டும், எது முதலில் வேண்டும் என்று முன்மொழிவது சபையின் வேலை. தெருவிளக்கு எங்கே, பொதுக் குழாய் எங்கே, கழிப்பிடம் எங்கே என்று இடம் சொல்வதும் அதன் வேலை.

அடைத்த சாக்கடையைச் சொல்ல ஃபோன் நம்பர் இருக்கிறது, ஆப் இருக்கிறது, திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. சபை இருப்பது சாக்கடை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று முடிவு செய்ய. பெரியவரே, உங்கள் பென்சனைவிடப் பெரிய சமாச்சாரம் அது!

இது இல்லாமல் போனதால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? விளாங்குறிச்சிக்குப் போய்ப் பார்க்கலாம். டைடல் பார்க் இருக்கும் அதே விளாங்குறிச்சிதான். 2011-ல் கோவை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக வீங்கியபோது மூன்று நகராட்சிகள், ஏழு பேரூராட்சிகளோடு சேர்த்து உள்ளே இழுக்கப்பட்ட ஒரே கிராம ஊராட்சி அது. அதுவரை அந்த ஊர்க்காரர்களுக்குக் கிராம சபை இருந்தது. குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் கூடி, வரவு செலவு கேட்கவும் தீர்மானம் போடவும் சட்டப்படி உரிமை இருந்தது. மாநகராட்சிக்காரர்களாகப் 'பதவி உயர்வு' பெற்ற அன்று அந்த உரிமை பறிபோனது. சபை என்ற பெயரில் ஏதோ ஒன்று மறுபடியும் கிடைக்க 2022 வரை காத்திருந்தார்கள். கிராமம் நகரமாவதை வளர்ச்சி என்கிறோம். பேச்சுரிமையில் அது இறக்கம்!

இன்னொரு கணக்கு. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த கவுன்சிலர்கள் வந்தது 2022 மார்ச்சில். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் கோவையில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. ஸ்மார்ட் சிட்டி வேலைகளில் பெரும்பகுதி அந்தக் காலத்தில்தான் நடந்தது. 24 மணி நேரக் குடிநீருக்காக ஒரு பிரெஞ்சுக் கம்பெனியோடு 26 வருஷத்துக்கு, 3,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தம் போட்டதும் 2018-ல்தான். ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நம் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் போகிற தண்ணீர் ஒப்பந்தம் கையெழுத்தானபோது கேள்வி கேட்க மாமன்றத்தில் ஆள் இல்லை, வார்டில் சபையும் இல்லை. அதைத்தான் சொல்கிறேன்.

சபை இருந்துவிட்டால் மட்டும் கிழித்துவிடுமா? கொஞ்சம் வடக்கே போங்கள், அன்னூர் பக்கம். 2021-ல் அங்கே தொழிற்பூங்காவுக்காக 3,800 ஏக்கருக்கு மேல் எடுக்க அரசாணை வந்தது. விவசாயிகள் விடவில்லை. உண்ணாவிரதம், நடைபயணம், ஊர் ஊராகக் கூட்டம். 2022 டிசம்பரில் அரசு இறங்கி வந்து, சம்மதம் இல்லாமல் விவசாயிகள் நிலத்தைத் தொட மாட்டோம் என்று அறிவித்தது. அவர்கள் ஊராகக் கூடிப் பழகியவர்கள். நம் அபார்ட்மென்ட்டில் மாடி வீட்டுக்காரரின் பெயர் நமக்குத் தெரியாது. அதுதான் வித்தியாசம்.

நகரத்துக்கான வாய்ப்பு எப்படிக் கைநழுவுகிறது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. கோவைக்கு 1994-ல் ஒரு மாஸ்டர் பிளான் ஒப்புதலாயிற்று. அதை வைத்தே ஏறக்குறைய முப்பது வருஷம் ஓட்டினோம். 2041-ம் வருஷத்துக்கான புதிய வரைவு 2024-ல் வெளியானது. ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்பது 1971-ம் வருஷ நகர் ஊரமைப்புச் சட்டம். தந்தார்கள். உங்கள் வீதிக்கு என்ன கலர் அடித்திருக்கிறார்கள் என்று நீங்கள் பார்த்தீர்களா? மஞ்சளா, நீலமா, பச்சையா? 2025-ல் இறுதித் திட்டமும் வந்துவிட்டது. ரியல் எஸ்டேட்காரர் பார்த்திருப்பார். சர்வே நம்பர் வாரியாகப் பார்த்திருப்பார். ஆயிரம் சபைகளும் அந்த இரண்டு மாதத்தில் கூடி, அவரவர் வார்டு வரைபடத்தை விரித்து வைத்துப் பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

'மக்களுக்கு என்ன பிளானிங் தெரியும்? அதெல்லாம் இன்ஜினீயர் வேலை' என்று ஒரு வாதம் வரும். படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். எத்தனை அங்குலக் குழாய் என்பது இன்ஜினீயருக்குத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கனமழை பெய்தால் லங்கா கார்னரிலும் அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அடியிலும் எத்தனை வருஷமாகத் தண்ணீர் நிற்கிறது? அவற்றைக் கட்டியவர்கள் எல்லோரும் படித்தவர்கள்தானே! சங்கனூர் பள்ளம் முன்பு எவ்வளவு அகலம், எந்தக் கிளை வாய்க்காலை மண் போட்டு மூடினார்கள் என்பதை அங்கேயே பிறந்து வளர்ந்த பாட்டியைக் கேளுங்கள். எந்த கம்ப்யூட்டரிலும் இல்லாத மேப் அவரிடம் இருக்கிறது.

இங்கிலாந்தில் 2011-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு பகுதியில் குறைந்தது 21 பேர் சேர்ந்து மன்றமாக அங்கீகாரம் பெற்றால், தங்கள் பேட்டைக்குத் தாங்களே திட்டம் எழுதலாம். வீடு எங்கே வர வேண்டும், கடை எங்கே வர வேண்டும், எந்தத் திடலைத் தொடவே கூடாது என்று எழுதலாம். ஆறு வாரம் ஊராரிடம் கருத்துக் கேட்க வேண்டும். வெளியாள் ஒருவர் சரிபார்ப்பார். பிறகு அந்தப் பகுதியில் வாக்கெடுப்பு. போட்ட ஓட்டில் பாதிக்கு மேல் 'சரி' என்றால், அது சட்டப்படியான திட்டம். கட்டட அனுமதி கொடுக்கிறவர் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அவ்வளவு தூரம் எதற்கு? வாளையாறு தாண்டினால் கேரளம். 1996-லேயே மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள்.

நம் சட்டத்தில் அந்தப் பல் இல்லை. பகுதி சபையின் பிரதிநிதியை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றம் நியமிக்கிறது. அதாவது, கவுன்சிலருக்கு வேண்டியவர் வருவார். வார்டு குழுவுக்குத் தலைவரும் கவுன்சிலரே. சபை போட்ட தீர்மானத்தை மாநகராட்சி ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏற்காவிட்டால் ஏன் என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றாவது இருக்க வேண்டாமா? வாக்காளர்தான் உறுப்பினர் என்பதிலும் ஒரு சிக்கல். நம் பட்டறைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் ராத்திரி பகலாக உழைக்கும் பீகார், ஒடிசாக்காரர்களில் பெரும்பாலோருக்கு இங்கே ஓட்டு இல்லை. ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் அவர்களுக்குக் கழிப்பிடம் வேண்டும் என்று சபையில் யார் எழுந்து சொல்வது?

ஆகவே சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். பிரதிநிதியை சபையே தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு சபைக்கும் பட்ஜெட்டில் ஒரு பங்கு இருக்கட்டும். தீர்மானத்துக்குக் கெடு வைத்துப் பதில் வரட்டும். ஆனால் ஒன்று: இருக்கிற சபைக்கே போகாதவர்கள், இல்லாத சபையைக் கேட்டால் யார் மதிப்பார்கள்?

நமக்கு மனு கொடுத்துப் பழகிவிட்டது. ராஜா காலத்திலிருந்து கொடுக்கிறோம். மனுவில் ஒரு சுகம் இருக்கிறது. கொடுத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது. திட்டம் என்றால் அப்படி இல்லை. பக்கத்து வீதிக்காரனோடு உட்கார வேண்டும். 'உன் வீதிக்கு இந்த வருஷம், என் வீதிக்கு அடுத்த வருஷம்' என்று விட்டுக்கொடுக்க வேண்டும். குடிசைப் பகுதிக்கு முதலில் தண்ணீர், நம் வாக்கிங் டிராக் அப்புறம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் நமக்கு வலிக்கிறது.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வார்டு அலுவலகத்துக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் பகுதி சபைக்குப் பிரதிநிதி யார்? அடுத்த கூட்டம் எந்தத் தேதி? போன கூட்டத்தின் தீர்மான நகல் எங்கே? 'தெரியாது' என்று பதில் வந்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்ச் செலவு. அதோடு உங்கள் லே-அவுட்டின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் சைட் எது என்று பேனாவால் வட்டம் போடுங்கள். அடுத்த சபைக்கு அந்த ஒரு தாளோடு போங்கள்.

நானும் அந்தப் புறநகர் நண்பருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிவிட்டேன், தாள் வாங்கி வைக்கச் சொல்லி. அந்தப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் யார் முதலில் டெம்போவை நிறுத்தியது என்று அவருக்குத்தான் தெரியுமாம்!