வாத்தியார் வீட்டுக்கு என்ன பாதுகாப்பு?

காலை 7 மணிக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். கையில் சாப்பாட்டுப் பை, தோளில் ஒரு பை. மரக்காணம் பஸ் வந்ததும் ஒரு கூட்டம் ஏறும். செஞ்சி பஸ்சில் இன்னொரு கூட்டம் ஏறும். மயிலம் பக்கம் போகிறவர்கள் தனியாக நிற்பார்கள். விழுப்புரத்திலும் இதே காட்சிதான். காணை, கோலியனூர், முகையூர் என்று நாலா பக்கமும் பஸ் பிடித்துப் போகிறார்கள். எல்லாரும் வாத்தியார்கள், டீச்சர்கள்.

பஸ் தவறினால் மோட்டார் சைக்கிள்தான். சென்னை - திருச்சி பெரிய ரோட்டில், லாரிகளுக்கு நடுவே போய் வரவேண்டும்.

சாயங்காலம் ஆகியும் வாத்தியார் வீடு திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிறகு அந்த வீட்டுக்கு என்ன வரும்? யார் கொடுப்பார்கள்? எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது?

பல வீடுகளில் மனைவிக்கு இது தெரியாது. கேட்கவும் வாய் வராது. "வாயில் வரக்கூடாத பேச்சு" என்று வாத்தியாரும் சொல்வதில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர், சொந்த வீட்டுக் கணக்கை மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறார்!

அந்தக் கணக்கு என்ன என்று பார்ப்போம்.

காமராஜர் கொடுத்தது

ஒரு காலத்தில் எல்லா வாத்தியாருக்கும் பென்சன் கிடையாது. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவருக்கு உண்டு. ஜில்லா போர்டு பள்ளிக்கூடம், தனியார் நடத்தும் உதவி பெறும் பள்ளிக்கூடம் இவற்றில் வேலை பார்த்தவருக்கு இல்லை. விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்ஆற்காடு ஜில்லாவில் இருந்தன. கிராமத்து வாத்தியார்களில் பெரும்பாலோர் போர்டு வாத்தியார்களும், உதவி பெறும் பள்ளி வாத்தியார்களும்தான்.

வேலை பார்த்த வரையில் சம்பளம். வயதாகி வெளியே வரும்போது பிராவிடண்டு பண்டில் சேர்ந்த சிறு தொகை. அதில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் தீர்ந்தது. அப்புறம் பிள்ளைகள் கையை எதிர்பார்த்து உட்கார வேண்டியதுதான்.

1955-ம் ஆண்டில் இது மாறியது. காமராஜர் முதல்-மந்திரி. சி.சுப்பிரமணியம் கல்வி மந்திரி. நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறையின் டைரக்டர். மூன்று நன்மைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். பென்சன், பிராவிடண்டு பண்டு, இன்ஷூரன்ஸ் மூன்றும் அதில் அடக்கம். போர்டு வாத்தியாருக்கும் உதவி பெறும் பள்ளி வாத்தியாருக்கும் அது கிடைத்தது. இந்தியாவிலேயே முதலில் சென்னை ராஜ்யத்தில்தான் இது வந்தது. பிறகு மற்ற ராஜ்யங்கள் பார்த்துச் செய்தன.

காமராஜர் என்றால் நமக்கு மத்தியான சாப்பாடு ஞாபகத்துக்கு வருகிறது. வாத்தியார் வீட்டுக் கிழவிக்கு மணியார்டர் வந்ததே, அதை யாரும் பேசுவது இல்லை.

அடுத்த பெரிய மாற்றம் 1981 ஜூன் 1-ந் தேதி நடந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி. பஞ்சாயத்து யூனியன் பள்ளி வாத்தியார்கள் அன்று முதல் அரசு ஊழியர்கள் ஆனார்கள்.

ஒரு நாள் வித்தியாசம்

இரண்டு வாத்தியார்களை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 2003 மார்ச் 31-ந் தேதி வேலையில் சேர்ந்தவர். இன்னொருவர் மறுநாள், ஏப்ரல் 1-ந் தேதி சேர்ந்தவர். ஒரே பள்ளிக்கூடம். ஒரே சம்பளம்.

முதல் ஆள் பழைய பென்சனைச் சேர்ந்தவர். 30 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றால், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்சன். கடைசிச் சம்பளம் ரூ.60 ஆயிரம் என்றால் பென்சன் ரூ.30 ஆயிரம். அகவிலைப்படி தனி. அவர் காலமான பிறகு மனைவிக்குக் குடும்பப் பென்சன் உண்டு. அது கடைசிச் சம்பளத்தில் 100-க்கு 30 பங்கு, அதாவது ரூ.18 ஆயிரம். வேலையில் இருக்கும்போதே காலமானால் முதல் 7 வருஷத்துக்கு இன்னும் அதிகம். பணிக்கொடை என்ற மொத்தத் தொகையும் உண்டு.

இரண்டாவது ஆளுக்கு இது எதுவும் இல்லை என்று 2003-ல் உத்தரவு வந்தது. அதற்குப் பெயர் பங்களிப்பு ஓய்வு ஊதியத் திட்டம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதே அளவு அரசாங்கமும் போடும். ரூ.60 ஆயிரம் வாங்குபவர் கணக்கில் மாதம் ரூ.6 ஆயிரமும் ரூ.6 ஆயிரமும் சேர்ந்து ரூ.12 ஆயிரம் ஏறும். வெளியே வரும்போது வட்டியோடு மொத்தமாகக் கொடுப்பார்கள். மாதா மாதம் பென்சன் கிடையாது. இடையில் காலமானாலும் குடும்பத்துக்கு அந்த மொத்தப் பணம்தான்.

"மொத்தமாக லட்சக் கணக்கில் வருகிறதே, நல்லதுதானே?" என்று கேட்கலாம். வீட்டில் மொத்தப் பணம் எத்தனை நாள் தங்கும் என்று உங்களுக்கே தெரியும். கடன்காரன் வருவான். மருமகன் வருவான். வீட்டு மாடி பாதியில் நிற்கும். மாதம் ரூ.18 ஆயிரம் என்றால் யாரும் அதைப் பிடுங்க முடியாது. விதவைக்கு அதுதான் பலம்.

மத்திய அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு (ராணுவம் நீங்கலாக) இப்படி மாற்றியது 2004 ஜனவரி 1-ந் தேதி முதல். தமிழ்நாடு அதற்கும் 9 மாதம் முந்திக்கொண்டது. 1955-ல் கொடுப்பதில் முந்தினோம். 2003-ல் எடுப்பதில் முந்தினோம்.

போராட்டமும் அறிவிப்பும்

வாத்தியார்கள் சும்மா இருக்கவில்லை. 2003 ஜூலையில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு வரை போய்த்தான் வேலை திரும்பக் கிடைத்தது. 2019 ஜனவரியில் மீண்டும் வேலை நிறுத்தம். 22-ந் தேதி தொடங்கி 30-ந் தேதி வரை நடந்தது. பழைய பென்சன் வேண்டும் என்பதே முதல் கோரிக்கை.

வெளியிலும் காற்று மாறியது. ராஜஸ்தான் 2022-ல் பழைய பென்சனுக்குத் திரும்பியது. இமாசலப் பிரதேசம் 2023-ல் திரும்பியது. மத்திய அரசாங்கமும் 2025 ஏப்ரல் 1-ந் தேதி முதல் ஒரு புதுத் திட்டத்தைக் கொண்டு வந்தது.

2026 ஜனவரி 3-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் "தமிழ்நாடு உறுதி அளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்" என்பதை அறிவித்தார். கடைசிச் சம்பளத்தில் பாதி பென்சன். அகவிலைப்படி உயர்வு 6 மாதத்துக்கு ஒரு முறை. பென்சன்காரர் காலமானால் குடும்பத்துக்கு அந்தப் பென்சனில் 100-க்கு 60 பங்கு. பணிக்கொடை ரூ.25 லட்சம் வரை.

மேலே சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கள். ரூ.30 ஆயிரத்தில் 60 பங்கு ரூ.18 ஆயிரம். பழைய திட்டத்தில் வந்த அதே ரூ.18 ஆயிரம்! ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய பென்சனுக்கு வாத்தியார் கையிலிருந்து காசு பிடிக்கவில்லை. இதில் பத்தில் ஒரு பங்கு பிடித்தம் தொடர்கிறது. பிடித்தம் இருந்தாலும், வெறுங்கையை விட இது எத்தனையோ மேல் என்பது நம் எண்ணம்.

அறிவிப்பு வேறு, கையில் வரும் பணம் வேறு. 2003-க்குப் பின் சேர்ந்தவர்கள், தங்களுக்கு எந்த உத்தரவு பொருந்துகிறது என்று கருவூலத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஆஸ்பத்திரிக்குப் போனால்

சம்பளத்தில் மாதம் ரூ.300 மருத்துவ இன்ஷூரன்சுக்குப் பிடித்தார்கள். 2021 ஜூலை 1-ந் தேதி நான்கு வருஷத்துக்கு என்று தொடங்கிய திட்டம் இது. குடும்பத்துக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. குறிப்பிட்ட சில பெரிய வியாதிகளுக்கு ரூ.10 லட்சம்.

இதில் இரண்டு விஷயம் பலருக்குத் தெரியாது. ரூ.5 லட்சம் என்பது வருஷத்துக்கு அல்ல. நான்கு வருஷத்துக்கும் சேர்த்து, குடும்பம் முழுவதற்கும். இரண்டாவது, கல்யாணம் ஆகாதவருக்கு அப்பா, அம்மா பெயரைச் சேர்க்கலாம். கல்யாணம் ஆனதும் அவர்கள் பெயர் போய்விடும். வயதான காலத்தில்தான் ஆஸ்பத்திரி தேவை. அப்போதுதான் பெயரை எடுக்கிறார்கள்!

நம் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 2010 முதல் நடக்கிறது. ஆனாலும் பெரிய வியாதி என்றால் புதுச்சேரிக்கு ஓடுகிறார்கள். இல்லாவிட்டால் சென்னை. எனக்குத் தெரிந்த ஒரு தலைமை ஆசிரியர், நள்ளிரவில் மனைவியைக் காரில் போட்டுக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். "கார்டு இருக்கட்டும், முதலில் பணம் கட்டுங்கள்" என்றார்கள். கழுத்தில் இருந்த சங்கிலிதான் அந்த இரவு உதவியது.

பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்கு அவசரத்தில் போய்விட்டால் பணம் போனதுதான் என்று நினைக்க வேண்டாம். பில்களை வைத்து மனு கொடுக்கலாம். கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு ஒன்று அதைப் பார்க்கிறது. ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சைப் பணத்தை மறுக்கக்கூடாது என்று, ஒரு மத்திய அரசு பென்சன்காரர் வழக்கில், 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி இருக்கிறது. ஆகவே ஒரு பில்லையும் கிழித்துப் போடாதீர்கள்.

ஒரு கோடி ரூபாய்

இனி, காலையில் பஸ் ஏறிய வாத்தியாரிடம் வருவோம்.

குடும்பப் பாதுகாப்பு நிதி என்று ஒன்று உண்டு. வேலையில் இருக்கும்போது காலமானால் குடும்பத்துக்கு மொத்தத் தொகை. இது ரூ.3 லட்சமாக இருந்தது. 2021-ல் ரூ.5 லட்சம் ஆக்கினார்கள். இதற்காகச் சம்பளத்தில் மாதம் ரூ.110 பிடித்தம்.

அதைவிடப் பெரியது 2025-ல் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் 7 பாங்கிகளோடு அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. அரசு ஊழியர் விபத்தில் இறந்தால், அல்லது விபத்தில் நிரந்தரமாக முடமானால், ரூ.1 கோடி. பிரீமியம் கட்டவேண்டியது இல்லை. விபத்தில் இறந்தவருடைய பெண்ணின் கல்யாணத்துக்கு ரூ.5 லட்சம் வரை, படிப்புக்கு ரூ.10 லட்சம் வரை உதவி. விபத்து இல்லாமல் வியாதியில் காலமானாலும் ரூ.10 லட்சம்.

ரூ.1 கோடி என்றதும் வாயைப் பிளக்கவேண்டாம். இது தானாக வராது! ஒப்பந்தம் செய்த பாங்கியில் சம்பளக் கணக்கு இருக்கவேண்டும். அந்தக் கணக்கை "அரசு ஊழியர் சம்பளக் கணக்கு" என்று மாற்றி இருக்கவேண்டும். பழைய சேமிப்புக் கணக்காகவே விட்டு வைத்திருந்தால், குடும்பம் பாங்கி வாசலில் நின்று வாதாட வேண்டி இருக்கும். இன்றைக்கே பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மானேஜரைப் பார்க்கலாம்.

வாரிசுப் பெயர் விஷயம் இன்னும் மோசம். 24 வயதில் வேலையில் சேரும்போது அம்மா பெயரை எழுதிக் கொடுத்திருப்பார். பிறகு கல்யாணம், குழந்தைகள், பேரன் எல்லாம் வந்திருக்கும். காகிதத்தில் மட்டும் அம்மா பெயரே இருக்கும். அம்மாவும் காலமாகி இருப்பார். மாற்றுவதற்கு ஒரு பாரம்தான். எழுதிக் கொடுத்து, பணிப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருணை அடிப்படையில் மகனுக்கோ மகளுக்கோ வேலை கேட்பதானால், இறந்த நாளில் இருந்து 3 வருஷத்துக்குள் மனு போடவேண்டும். துக்கத்தில் நாள் போய்விடும். பிறகு கோர்ட்டுதான்.

டீச்சர்களுக்கு

பிரசவ லீவு 2021 ஜூலை 1-ந் தேதி முதல் ஒரு வருஷம். சம்பளம் உண்டு. இரண்டு குழந்தைகளுக்கு மேல் கிடையாது என்பது விதியாக இருந்தது. மறுமணம் செய்துகொண்ட ஓர் அரசுப் பள்ளி டீச்சருக்கு மூன்றாவது குழந்தைக்கு லீவு மறுத்தார்கள். அவர் விடவில்லை. 2025 மே 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

செப்டம்பர் 5-ந் தேதி ஆசிரியர் தினம். அதையொட்டிப் பள்ளிக்கூடத்தில் கொடி கொடுத்துக் காசு வாங்குவார்கள். "இது எங்கே போகிறது?" என்று சில தகப்பனார்கள் முணுமுணுப்பது உண்டு. ஆசிரியர் நல நிதிக்குப் போகிறது. 1962-ல் மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய நிதி அது. கஷ்டப்படும் வாத்தியார் குடும்பங்களுக்கு உதவுவதற்காக.

கணக்கில் சேராதவர்கள்

ஒரே பஸ்சில் இவர்களோடு இன்னும் சிலர் ஏறுகிறார்கள். டிராயிங் சொல்லிக் கொடுப்பவர், தையல் டீச்சர், விளையாட்டு வாத்தியார். 2012-ல் தமிழ்நாடு முழுவதும் 16 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பகுதி நேர ஆசிரியர்களாகச் சேர்த்தார்கள். மாதம் ரூ.5 ஆயிரம். அது மெல்ல மெல்ல ஏறி, 2024-ல் ரூ.12 ஆயிரத்து 500 ஆயிற்று. 2023-ல் ரூ.10 லட்சம் மருத்துவ இன்ஷூரன்சும் தருவதாக அறிவித்தார்கள்.

மேலே எழுதிய பென்சன் கணக்கில் இவர்கள் வரமாட்டார்கள். பிரசவ லீவு பற்றிய பாராவும் இவர்களுக்கு அல்ல. வருஷக் கணக்கில் மே மாதச் சம்பளம்கூடக் கிடைக்காமல் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு என்றால் இவர்களுக்குச் சம்பளமும் லீவாக இருந்தது. 30 வயதில் வந்தவருக்கு இப்போது 40 தாண்டிவிட்டது. நாளைக் காலையும் 7 மணி பஸ்சில் இவர்களும் ஏறுவார்கள். அதே மரக்காணம் பஸ். அதே டிக்கெட்.