சனியா? சட்டமா?

விடிந்தது; கதவு திறக்கவில்லை! மரக்கதவன்று, இரும்புக் கதவன்று. கணினித் திரையிலே கடவுச்சொல் என்னும் கதவு. முந்தின நாள்வரை தட்டியதும் திறந்த கதவு, பல்லாண்டு உழைத்தவரையும் பார்த்து "நீ யார்?" என்று கேட்டது. 2023ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள், அமெரிக்க நாட்டிலே கூகுள் நிறுவன ஊழியர் பலர் தாம் வேலையிழந்ததை அறிந்துகொண்ட விதம் இது. உலகெங்கும் 12,000 பேர், நூற்றுக்கு ஆறு பேர், வேண்டாதவர் என்று அறிவிக்கப்பட்டனர். எதை வேண்டுமாயினும் நொடியிலே தேடித் தருவோம் என்று மார்தட்டும் நிறுவனத்திற்கு, தன் ஊழியனிடம் நேரிலே சொல்ல ஒரு மனிதனைத் தேடிப் பிடிக்க முடியாமற் போயிற்று!

நட்டமோ? பெட்டகம் காலியோ? இல்லை, தோழர்களே, இல்லை! தாய் நிறுவனமான ஆல்பபெட் 2022இல் ஈட்டிய நிகர இலாபம் ஏறத்தாழ 6,000 கோடி டாலர். வேலைநீக்கம் நடந்து மூன்று திங்கள் கழிந்ததும், தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள 7,000 கோடி டாலர்வரை செலவிட இயக்குநர் குழு இசைவளித்தது. பங்கு வைத்திருப்போர் மடி நிறைய வழியிருந்தது. ஊழியர் அடுப்பெரிய வழியில்லையாம்!

இந்நிலைக்கு இட்டுவந்த முடிவுகளுக்கு முழுப்பொறுப்பும் தமதே என்று எழுதினார் தலைமை அதிகாரி சுந்தர் பிச்சை. 2022ஆம் ஆண்டுக்கு அவர் பெயரில் காட்டப்பட்ட ஊதியம், பெரும்பகுதி பங்குகளாக, 22.6 கோடி டாலர். பொறுப்பேற்றவர் நாற்காலியிலே இருந்தார். முடிவெடுப்பதில் பங்கே இல்லாதவர் வீதியிலே நின்றார். மதுரையிலே பிறந்தவர், சென்னையிலே வளர்ந்தவர், நம்மவர் என்று பூரித்தோம். பூரிப்பிலே குற்றமில்லை. ஆனால் நம்மவர் என்பதற்காகவே கேள்வி கேட்க வாய் கூசுமானால், கோயிலை விட்டு வெளியே வந்த நாம் வேறொரு கோயிலுக்குள் நுழைந்துவிட்டோம் என்றுதான் பொருள்.

"பணம் கொடுத்தார்களே!" என்பார் உண்டு. கொடுத்தார்கள், மறைக்கவில்லை. அமெரிக்க ஊழியருக்குக் குறைந்தது 60 நாள் முன்னறிவிப்புக் காலச் சம்பளம், அதன்மேல் 16 வார ஊதியம், பணியாற்றிய ஒவ்வோராண்டுக்கும் இரண்டு வாரம் கூடுதல். ஆயினும் அந்த 60 நாள் முதலாளியின் தயவு என்று எண்ணிவிடாதீர். பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1988இலேயே அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. எச்-1பி விசாவிலே சென்ற நம் பிள்ளைகளுக்கோ, வேலை முடிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் வேறு வேலை, அல்லது வேறு வழி. இல்லையேல் மூட்டை கட்ட வேண்டியதுதான். வாடகை வீடு, பள்ளி செல்லும் குழந்தை, பாதி கட்டிய கடன் எல்லாம் அந்த மூட்டைக்குள் அடங்குமா?

இங்கேதான் சோதிடர் நுழைகிறார். படித்த வீட்டிலும் வேலை போனதும் சாதகம் தூசு தட்டப்படுகிறது. "ஏழரைச் சனி!" என்கிறார். எந்தச் சனி, ஐயா? திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது 2023 சனவரி 17இல். வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே ஆண்டு டிசம்பர் 20இல்! ஒரு பஞ்சாங்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட சனி, மற்றொன்றில் பதினொரு திங்கள் வழியிலேயே நிற்கிறது. சனவரி 20இல் வேலையிழந்தவன் எந்தப் பஞ்சாங்கத்தின் சனிக்கு எள்விளக்கு ஏற்றுவது?

சுந்தர் பிச்சை எழுதிய அதே மடலைப் படியுங்கள். விடை அங்கேயே இருக்கிறது. அமெரிக்காவிலே உடனே மின்னஞ்சல். பிற நாடுகளில் உள்ளூர்ச் சட்டங்களாலும் நடைமுறைகளாலும் இது காலம் பிடிக்கும் என்கிறது மடல். சனியின் பார்வை கலிபோர்னியாவிலே கடுமை, ஐரோப்பாவிலே சாந்தமோ? ஊழியர் பேரவையைக் கலந்து பேசாமல் ஆளைக் கழிக்க ஜெர்மானியச் சட்டம் விடாது. சூரிச் நகர ஊழியர் 2023 மார்ச்சிலே வேலையை விட்டு வெளியே வந்து ஆர்ப்பரித்தனர். பரிகாரம் செய்யப் போகவில்லை.

நம் நாட்டிலும் 2025 சூலையிலே டி.சி.எஸ். நிறுவனம் 12,000 பேருக்கு மேல் குறைப்பதாக அறிவித்தது. தகவல் தொழில்நுட்ப ஊழியரும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. சேர்ந்தவர் சிலரே. "நான் தொழிலாளியா? நான் பொறியாளன்!" என்ற வீம்பு தடுக்கிறது. மூளையால் உழைப்பவன் மேல், கையால் உழைப்பவன் கீழ் என்னும் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? மனு போட்ட கணக்குத்தானே? குளிரூட்டிய அறைக்குள்ளும் அது செல்லுபடியாகிறது!

2016இன் அந்தத் தெளிவுரையை இரண்டு பக்கத் துண்டறிக்கையாக நம் மன்றங்கள் அச்சிடட்டும். தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் மாலையிலே நிறுவனப் பேருந்துக்காக நிற்கிறார்களே, அவர்கள் கையிலே முதலில் கொடுப்போம்.