கணையத்தில் படியும் புரதம்: துத்தநாகம் நண்பனா, எதிரியா?

“சுகருக்கு ஜிங்க் மாத்திரை போட்டா நல்லதாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. ஜிங்க் எனும் துத்தநாகத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். ஆனால், ‘போட்டா சரியாயிடும்’ என்கிற அளவுக்கு அது நேரான தொடர்பு அல்ல. இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு மதிப்பிட்டது. அதனால், இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்துகொள்வது அவசியம்.

படிவது என்ன?

கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினை மட்டும் சுரப்பதில்லை. கூடவே அமைலின் என்ற சிறிய புரதத்தையும் வெளியிடுகின்றன. இது 37 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. சாப்பாடு இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்கவும், ‘வயிறு நிறைஞ்சிருச்சு’ என்று மூளைக்குத் தெரிவிக்கவும் உதவுகிறது.

டைப் 2 சர்க்கரை நோயில் இதே அமைலின் ஒன்றோடொன்று ஒட்டி, நார் நாராகத் திரள்கிறது. இதைத்தான் அமிலாய்டு என்கிறார்கள். நோயாளிகளின் கணையத்தில் இருந்த இந்தப் படிவை 1901-லேயே அமெரிக்க மருத்துவர் யூஜின் ஓபி விவரித்தார். அதிலுள்ள புரதம் எது என்பது 1987-ல்தான் தெரிந்தது. முழு நாராக மாறும் முன் உருவாகும் சிறு சிறு கூட்டங்களே பீட்டா செல்லை அதிகம் பாதிக்கின்றன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். படிவு நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

உலோகம் எங்கே வருகிறது?

உடலில் துத்தநாகம் செறிந்திருக்கும் இடங்களில் பீட்டா செல்லும் ஒன்று. ஆறு இன்சுலின் மூலக்கூறுகளை இரண்டு துத்தநாக அயனிகள் கட்டிப்போட, இன்சுலின் நுண்பைகளில் சேமிக்கப்படுகிறது. அமைலின் இருப்பதும் அதே பையில்தான். அதன் 18-வது இடத்திலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் துத்தநாகம் பற்றிக்கொள்கிறது.

பற்றிய பிறகு என்ன ஆகும்? அது அளவைப் பொறுத்தது. துத்தநாகம் ஓர் அளவில் திரளலைத் தடுக்கிறது, வேறோர் அளவில் தூண்டுகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2010-ல் காட்டியது. சுற்றியுள்ள அமிலத்தன்மை மாறினாலும் விளைவு மாறும். தாமிரத்தின் கதை வேறு. சோதனைக் குழாயில் அது நார் உருவாவதைக் குறைக்கிறது. ஆனால், செல்லுக்குக் கேடு செய்யும் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகவும் துணைபோகலாம். ஆக, நார் குறைந்துவிட்டது என்பதாலேயே செல் தப்பிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

மரபணு தந்த ஆச்சரியம்

நுண்பைக்குள் துத்தநாகத்தை ஏற்றும் புரதத்தை உருவாக்குவது எஸ்எல்சி30ஏ8 என்ற மரபணு. இதிலுள்ள ஒரு மாற்றத்துக்கும் டைப் 2 நோய்க்கும் தொடர்பு இருப்பது 2007-ல் தெரியவந்தது. அப்படியானால், இந்த மரபணுவின் ஒரு பிரதி வேலை செய்யாதவர்களுக்கு நோய் கூடுதலாக வரும் என்றுதானே தோன்றும்? சுமார் 1.5 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானபோது, நிலைமை தலைகீழாக இருந்தது. அவர்களுக்கு ஆபத்து 65 சதவீதம் குறைவு. ‘துத்தநாகம் கூடினால் நல்லது’ என்ற எளிய கணக்கு இங்கே உதவவில்லை.

எலி காட்டிய வழி

எலியின் அமைலின் இப்படித் திரள்வதில்லை. அதன் 25, 28, 29-வது இடங்களில் புரோலின் இருப்பதே முக்கியக் காரணம். மனித அமைலினில் அதே இடங்களில் புரோலினை வைத்து உருவாக்கிய மருந்துதான் பிராம்லின்டைடு. 2005-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

அப்போ, மாத்திரை போடலாமா?

சோதனைக் குழாயில் அமைலினோடு கலக்கும் துத்தநாகமும், விழுங்கும் மாத்திரையும் ஒன்றல்ல. உடல் தன் துத்தநாக அளவைத் தானே ஒழுங்குபடுத்துகிறது. மாத்திரையில் இருப்பது அப்படியே பீட்டா செல்லின் நுண்பைக்குப் போய்ச் சேர்வதில்லை. நீண்ட நாள் அளவுக்கு மிஞ்சி எடுத்தால், தாமிரம் உடலில் சேர்வது தடைபட்டு ரத்தசோகை வரலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு என்கிறது அமெரிக்க வழிகாட்டுதல்.

துத்தநாகக் குறைபாடு இருப்பவர்கள் டாக்டர் சொன்ன அளவில் எடுக்கலாம். அதை நம்பி, போட்டுக்கொண்டிருக்கும் சுகர் மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.